பத்தொன்பது ஒன்றுகளும் நான் போட்ட ஒரு டிக்கும்

புதிதாகக் கணக்கு ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று கேட்டபோது, பலகையில் எழுதும் முறை, வினாத்தாள் தயாரிப்பது போன்றவற்றைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் அறையில் வரும் பொறாமையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது வந்தது. நன்றாகவே வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் மேல் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் எம்.எஸ்ஸி. படித்துப் பதக்கம் வாங்கியவள் என்பதால் பள்ளியில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. படித்து முடித்த வருடம் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. அதே மாதம் வேலைக்கான உத்தரவும் வந்தது. வேலையை எடுத்துக்கொண்டேன். வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என் துணிச்சல் அவ்வளவுதான். ஆனால் அதை ஒப்புக்கொள்ளாமல், சூழ்நிலை சரியில்லை என்றே எல்லாரிடமும் சொல்லி வந்தேன்.

அந்த வருடம் ஜெபமணி வந்து சேர்ந்தாள். என்னைவிட ஆறு வயது இளையவள், வெறும் பி.எஸ்ஸி., பி.எட். எட்டயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பள்ளி நேரத்துக்குத் தோதான பஸ் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் பெண்கள் வரும் முதல் பஸ்ஸில் ஏறி, மணி அடிக்க ஒன்றரை மணி நேரம் முன்பே வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

தொடங்கி வைத்தது ஒரு மாணவியின் கேள்வி. முதலில் என்னிடம்தான் கேட்டாள். "டீச்சர், பதினொண்ணு வகுபடாது. நூத்திப் பதினொண்ணு மூணால வகுபடுது. நாலு ஒண்ணு போட்டா அதுவும் வகுபடுது. எத்தன ஒண்ணு போட்டா மறுபடி வகுபடாத எண் வரும்?"

"பாடத்துல இல்லாததக் கேக்காத, உக்காரு" என்றேன்.

அவள் அடுத்த வாரம் ஜெபமணியிடம் கேட்டாள். அந்தப் பாட வேளை முழுவதும் பக்கத்து அறையிலிருந்து சத்தம். ஐந்து ஒன்றுகள் நாற்பத்தொன்றால் வகுபடுகிறது என்று யாரோ கண்டுபிடித்துக் கத்துகிறாள். ஏழு ஒன்றுகள் இருநூற்று முப்பத்தொன்பதால் வகுபடுகிறது என்று இன்னொருத்தி. என் வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதியைப் பற்றி நான் எப்போதும் பெருமைப்படுவேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அது எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஜெபமணி என்னிடம் வந்தாள். "டீச்சர், உங்ககிட்ட எண் கோட்பாட்டுப் புத்தகம் இருக்காமே? கொஞ்சம் தாரீங்களா?" என் எம்.எஸ்ஸி. புத்தகம். பத்து வருடமாக நான் திறக்காதது. கொடுத்தேன். ஒரு வாரத்தில், நான் அடிக்கோடிட்டிருந்த பக்கத்தையே திறந்துகொண்டு வந்தாள். அடிக்குறிப்பு ஒன்றில் ஒரே ஒரு வரி: ஒன்று என்ற இலக்கத்தைப் பத்தொன்பது முறை எழுதினால் வரும் எண் பகா எண். நிரூபணம் இல்லை.

"ரெண்டு ஒண்ணுக்கு அப்புறம் பதினெட்டு வரைக்கும் எல்லாமே ஒடையுது டீச்சர். பத்தொம்பதுலதான் நிக்குது. அது எப்படி நிக்குதுன்னு நானே போட்டுப் பாக்கப் போறேன்."

"கையாலயா?"

"வேற என்ன இருக்கு?"

தலைமையாசிரியையிடம் எட்டு இலக்கக் கால்குலேட்டர் ஒன்று இருந்தது. பத்தொன்பது இலக்கத்துக்கு அது ஒன்றுக்கும் உதவாது.

வகுத்துப் பார்த்துத் தீர்க்கிற கணக்கல்ல இது. நூறு கோடி வரை உள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்துப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. ஆனால் ஒரு சோதனை உண்டு. இரண்டில் தொடங்கி, வந்த எண்ணை அதாலேயே பெருக்க வேண்டும், சில படிகளில் கூடவே இரட்டிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தப் பத்தொன்பது ஒன்றுகளால் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். இப்படி ஐம்பத்தொன்பது படிகள். கடைசியில் மீதி ஒன்று வர வேண்டும். வராவிட்டால் அது பகா எண்ணே அல்ல. நடுவில் ஓர் இலக்கம் தவறினாலும் கடைசியில் குப்பைதான் வரும்.

வகுப்பதுதான் பெரிய பாடு என்று நான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே பலகைக்குப் போனாள்.

"மூணு ஒண்ண எடுத்துக்கிடுவோம். 456-ஐயும் 789-ஐயும் பெருக்கினா 359784. இத வகுக்கவே வேண்டாம் டீச்சர். நடுவுல வெட்டுங்க. 359, 784. கூட்டுங்க, 1143. முன்னால நிக்குத ஒண்ணத் தூக்கிப் பின்னால சேருங்க, 144. அம்புட்டுதான். 111-ஆல வகுத்தா பெரிய எண்ணுக்கும் இதுக்கும் ஒரே மீதி. பத்தொம்பது ஒண்ணுக்கும் இதே மாதிரி, பத்தொம்பது இலக்கத்துல வெட்டிக் கூட்டினாப் போதும்."

எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல் அவளாகவே கண்டுபிடித்தது. பார்த்தவுடன் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் புத்தகம், என் அடிக்கோடு, என் பதக்கம். எனக்கு ஏன் தோன்றவில்லை? "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் வெளியே நிற்க வைத்தேன்.

ஜெபமணியின் அம்மா வீட்டில் தீப்பெட்டிக்கான பெட்டி ஒட்டுபவர். அச்சுப் பிசகிய லேபிள் தாள்கள் கட்டுக் கட்டாக அங்கே கிடைக்கும். ஒரு பக்கம் கிளியும் மயிலும் சிவப்பும் பச்சையுமாக இருக்கும், மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் பெருக்குவாள். வந்த விடையைக் கட்டம் போட்ட ஒரு நோட்டில் மசியால் பிரதி எடுத்து, அதிலிருந்தே அடுத்த படியைத் தொடங்குவாள். ஒரு பெருக்கலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இதற்கிடையே ஒரு சுற்றறிக்கை வந்தது. சம்பளத்தோடு விடுப்பு கொடுத்துக் கணக்கு ஆசிரியர் ஒருவரை மேற்படிப்புக்கு அனுப்பும் ஏற்பாடு. எங்கள் பகுதிக்கு ஓர் இடம். முந்தைய இரண்டு முறையும் விண்ணப்பித்து எனக்குக் கிடைக்கவில்லை. இந்த முறையும் போட்டேன். ஜெபமணியையும் தலைமையாசிரியை போடச் சொன்னார்.

அவர் வரலாறு படித்தவர். என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ள போடுத கணக்கு எனக்குச் சுத்தமா வெளங்கல. நீங்க ஒவ்வொரு படியையும் தனியாப் போட்டுப் பாத்து, பக்கத்துக்குப் பக்கம் டிக் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. நேர்காணல்ல இதக் காட்டும்போது ஒருத்தரும் கேள்வி கேட்டுரக் கூடாது" என்றார்.

நானும் விண்ணப்பித்திருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழி இருந்தது. கௌரவம் விடவில்லை.

முதல் இருபது படிகளை நேர்மையாகவே போட்டுப் பார்த்தேன். அதன்பின் சோம்பல் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டு, இலக்கங்களைக் கூட்டி ஒன்பதைத் தள்ளிப் பார்க்கும் சுருக்கு வழியில் இறங்கினேன். உங்களுக்குத் தெரியும், அந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது. சோதனை சரி என்றே சொல்லும்.

முப்பத்தோராவது படி. லேபிள் தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒன்பது தள்ளிப் பார்த்தேன், சரி. டிக் போடப் பேனாவை வைத்தபோது கண்ணில் பட்டது. தாளில் நடுவே 16 என்று இருந்தது. நோட்டில் 61. பிரதி எடுக்கும்போது கை தவறியிருக்கிறாள்.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒட்டவில்லை. பார்த்தேன். டிக் போட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அவள் முப்பத்திரண்டையும் முப்பத்துமூன்றையும் முடித்துக்கொண்டு வந்து நின்றாள். இப்போது சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பாள். அடுத்த நாள் முப்பத்துநான்கு. இப்படி ஒவ்வொரு நாளும் சொல்வதற்கான செலவு ஏறிக்கொண்டே போனது. சரிபார்த்த தாள்களையெல்லாம் கட்டி என் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் தினமும் அதிகாலை பஸ் ஏறி, நான் அறிந்தே கெட்டுப்போன ஓர் எண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். சில நாட்கள் இதமாக இருந்தது.

நேர்காணலுக்கு ஆறு நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, ஐம்பத்தொன்பதாவது படியை முடித்தாள். பள்ளி அரை நாள். அறையில் நாங்கள் இருவர்தான்.

"ஒண்ணு வரல டீச்சர்" என்றாள்.

நோட்டைக் காட்டினாள். ஒழுங்கே இல்லாத பத்தொன்பது இலக்கங்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"கணக்குல தப்பு இருக்க முடியாது. ஒவ்வொண்ணையும் நீங்க போட்டுப் பாத்திருக்கீங்க. அப்ப புத்தகத்துலதான் அச்சுப் பிழையா இருக்கும். பத்தொம்பது ஒண்ணு பகா எண்ணே இல்ல டீச்சர். வெள்ளிக்கிழம அவியகிட்ட இதத்தான் சொல்லப் போறேன்."

"எதுக்கும் இன்னொரு தடவ..."

"நீங்க பாத்தத நான் திரும்பப் பாக்கதா?" என்று சிரித்தாள்.

என் டிக்கை நம்பி, உலகமே ஏற்ற ஓர் உண்மையைப் பொய் என்று சொல்லத் துணிந்துவிட்டாள். எண் கோட்பாடு தெரிந்த பேராசிரியர்கள் முன்னால் போய் நின்று அதைச் சொல்வாள். அவர்கள் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு இவள் எந்த விண்ணப்பமும் போட மாட்டாள். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இன்னும் ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இடம் எனக்கு.

வீட்டுக்குப் போகும் வழியில் அந்த எண்ணம் என்னைப் பயமுறுத்தியது. அது அசிங்கமாக இருந்ததால் அல்ல, அவ்வளவு சுலபமாக இருந்ததால். நேரே தலைமையாசிரியையின் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் முறை. எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர். அவரும் நான்கு குடங்களோடு குழாயடி வரிசையில் நின்றார். அங்கேயே, மற்றவர்கள் காதில் விழாமல், எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தோராவது படி, பதினாறு, அறுபத்தொன்று, டிக்.

அவர் குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் குடத்தத் தள்ளி வைங்க" என்றார். தள்ளி வைத்தேன். பிறகு கேட்டார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?"

நான் அடுத்த குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.

"நான் ரெண்டு ஏச்சு ஏசிருவேன். உங்களுக்கு மனசு ஆறிரும். நல்லா நித்திர வரும். அதுக்குத்தான? ஏச மாட்டேன் டீச்சர். எட்டயபுரத்துக்குக் காலைல பஸ் இருக்கு."

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, அது அவருக்குப் பிடிக்காது. ஆனால் பிற்காலத்தில் யாராவது தவறு செய்துவிட்டு என்னிடம் வந்து நின்றபோதெல்லாம், அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். 'நேத்து ராத்திரி தாள எடுத்துப் பாத்தேன், அப்பத்தான் கண்ணுல பட்டுது.' நல்ல வாக்கியம். யாருக்கும் சேதமில்லை. தவறும் திருத்தப்பட்டுவிடும்.

ஜெபமணி மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டே, "இரிங்கம்மா, பூச முடிஞ்சி வந்துருவா. உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவா, பெரிய படிப்புப் படிச்சவங்க, எங் கணக்கெல்லாம் அவங்கதான் பாக்காங்கன்னு" என்றார். அதைக் கேட்டபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்ததும் நான் கொண்டுபோன லேபிள் தாளையும் அவளுடைய நோட்டையும் விரித்து அந்த இடத்தைக் காட்டினேன். ஒரு நொடிதான். "அய்யோ, பதினாற அறுபத்தொண்ணுன்னு எழுதிட்டனே" என்று தலையில் கை வைத்தாள். உடனே முகம் மலர்ந்தது. "அப்ப புத்தகம் சரிதான்!"

அந்த மலர்ச்சியோடு கேட்டாள். "எப்ப டீச்சர் பாத்தீங்க?"

தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"டிக் போடும்போதே பாத்தேன்" என்றேன்.

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. என் முகத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"இருபத்தெட்டுப் பெருக்கல் டீச்சர்" என்றாள். குரல் உயரவில்லை. "பதினோரு மணிக்கு பஸ் இருக்கு. போயிட்டு வாங்க."

திங்கட்கிழமை அவள் என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்துத்தான் போனேன். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். அவள் இருந்தாள். ஒரு கட்டு லேபிள் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"இனிமே நீங்க எதையும் சரிபாக்க வேண்டாம். நீங்களும் பெருக்குங்க, நானும் பெருக்குதேன். தனித்தனியா. ரெண்டும் ஒண்ணா வந்தாத்தான் நோட்டுல ஏத்துவேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காலை, மதிய இடைவேளை, பள்ளி விட்ட பிறகு கடைசி பஸ் வரை என்று நான்கு நாட்கள் பெருக்கினோம். வகுப்பறையில் நான் சொல்லிக்கொடுத்த கணக்கையெல்லாம்விட அந்த நான்கு நாளில் நான் கற்றது அதிகம். முக்கியமாக ஒன்று: உடன் வேலை செய்பவரின் தாளில் நாம் போடும் டிக், நம்முடைய கண்ணை அவருக்குக் கடன் கொடுப்பது. பொறாமை வரட்டும், அது உங்கள் கையில் இல்லை. ஆனால் அது வந்திருக்கும் நாளில் அடுத்தவர் தாளை வாங்காதீர்கள். 'எனக்கு இன்னைக்கு முடியாது' என்று சொல்ல ஒரு நொடி போதும். என் கௌரவத்தால் அந்த ஒரு நொடியைச் செலவழிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் நேர்காணல். நாற்பத்தெட்டாவது படியில் நின்றிருந்தோம். அவள் உள்ளே போனாள், அடுத்தது நான் என்பதால் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். வெட்டிக் கூட்டும் முறையைப் பேராசிரியர் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டது காதில் விழுந்தது. பிறகு, "நடுவில் ஏன் இத்தனை பக்கம் அடித்திருக்கிறது?" என்றார்.

"ஒரு எடத்துல எழுதும்போது தப்பா எழுதிட்டேன் சார். திரும்பப் போடுதேன். இன்னும் பதினோரு படி இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள்.

இடம் வேறு ஊர் ஆசிரியர் ஒருவருக்குப் போனது. கணக்கு முடிந்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்குமா? எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அவளுக்கும் இல்லை என்று தெரிந்தபோது என் மனம் ஒரு கணம் லேசானது. இவ்வளவுக்குப் பிறகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், இவ்வளவுக்குப் பிறகும்தான். அடுத்த முறை அவள் மட்டும் விண்ணப்பித்தாள், கிடைத்தது, போனாள்.

அதற்கு முன் மிச்சப் படிகளை முடித்ததைச் சொல்ல வேண்டும். நேர்காணல் முடிந்த பிறகு அவசரம் போய்விட்டது. ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் ஒன்று. மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, தாளைக் கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி.

ஐம்பத்தெட்டாவது படி. ஒரு மதிய இடைவேளை. முப்பத்தெட்டு இலக்கத்தை நடுவில் வெட்டிக் கூட்டத் தொடங்கினேன். வலது ஓரத்தில் ஒன்பது. அடுத்து எட்டு. அதற்கடுத்தும் எட்டு. மறுபடியும் எட்டு. எங்கோ தவறிவிட்டேன் என்று நினைத்துக் கூட்டலை மறுபடி பார்த்தேன். எட்டுதான். எட்டு, எட்டு, எட்டு. பதினேழு எட்டுகள், இடது ஓரத்தில் ஒரு மூன்று. அந்தப் படியில் இரட்டிக்கவும் வேண்டும். இரட்டித்தேன். ஓரத்தில் எட்டு, பிறகு வரிசையாக ஏழு, ஏழு, ஏழு.

பதினெட்டு ஏழுகளும் ஓர் எட்டும். பத்தொன்பது ஏழுகளாக இருந்திருந்தால் பத்தொன்பது ஒன்றுகளால் மீதியில்லாமல் வகுபடும். ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதாவது மீதி ஒன்று. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதானே. கடைசிப் படியைப் போடாமலே விடை தெரிந்துவிட்டது. முழு நிரூபணத்துக்கு அதன் பிறகும் இரண்டு சிறிய சோதனைகள் உண்டு, அவற்றை அவள் பின்னால் முடித்தாள். ஆனால் எண் தன்னைக் காட்டிக்கொடுத்தது அந்த மதியம்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். ஜெபமணியின் பேனா மூடியிருந்தது. தாள் கவிழ்ந்திருந்தது, மேலே தெரிந்தது அச்சுப் பிசகிய ஒரு மயில். அவள் எப்போதோ முடித்துவிட்டாள். நானே அந்த எட்டுகளுக்கு வந்து சேரட்டும் என்று ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன ஏழு டீச்சர்?" என்றாள்.

"பதினெட்டு."

"எனக்கும் பதினெட்டு."

என் நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் மறுபடி மூண்டது. எனக்கு முன்பே அவள் அதைப் பார்த்துவிட்டாள். இந்த முறை மறைக்கவில்லை.

"எனக்கு முந்திப் பாத்துட்டீங்கள்லா, வயிறு எரியுது" என்றேன்.

எட்டயபுரத்துக்கு நான் போய் வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"எரியட்டும். கடேசிப் பெருக்கலப் போடுங்க."

போட்டேன். ஒன்று வந்தது.